இடிக்குமுன் எடுத்த படி

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமழபாடி என்னும் ஊர் அமைந்துள்ளது. பங்குனியில் நடைபெறும் நந்தியின் திருக்கல்யாணத்தால் அவ்வூரைத் தமிழ்நாடு அறியும். கல்வெட்டு ஆய்வாளர்கள் அதனை அறிந்திருப்பது வேறொரு காரணத்தினால். அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலின் கருவறை விமானத்தை இடித்துவிட்டுப் புதிதாக எடுப்பிக்க வேண்டும் என்று முதலாம் இராசராச சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஐ ஒட்டிய காலத்தில், ஆணையிட்டான். அதனுடன் இன்னுமோர் ஆணையும் சேர்ந்திருந்தது. சுவர்களை இடிக்குமுன், அவற்றில் வெட்டப்பட்டிருந்த எழுத்துகளையெல்லாம் ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதே அது. 1014-இல் இராசராசன் மறைந்தான். அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026-ஐ ஒட்டி, அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய கல்வெட்டுகள் புதிய சுவர்களில் மறுபடியும் வெட்டப்பட்டன. நடந்த இச்செய்தியையும் அச்சுவரிலேயே எழுதி வைத்தார்கள். அதனால்தான் ஆயிரம் ஆண்டு கழித்து நமக்கும் தெரிகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? பழைய மன்னர்களின் பெருமையைக் காப்பதற்காக என்று எண்ணுவது எளிது. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி பெருமை பேசுவன அல்ல, கணக்குப் பேசுவன. யாரோ ஒருவர் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்காக 96 ஆடுகளைக் கொடுக்கிறார். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க ஒப்புகிறார். அந்த ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கிறது. சாகாத, மூப்படையாத ஆடுகள் உலகில் ஏது? ஆடு சாகும், குட்டி அதன் இடத்திற்கு வரும், எண்ணிக்கை மட்டும் 96 என்பதிலிருந்து குறையக்கூடாது. கொடுத்தவர் போய்விடுவார், ஏற்றவரும் போய்விடுவார், ஆனால் சந்திரனும் சூரியனும் உள்ளவரை அந்த நெய் வந்தாக வேண்டும். இதற்குச் சாட்சி அந்தக் கல் ஒன்றுதான். கல் போய்விட்டால், 'எங்கள் பாட்டன் அப்படி எதுவும் ஒப்புக்கொள்ளவில்லையே' என்று பேரன் சொல்லலாம்; அவனை மறுக்க ஆளில்லை.

ஆகவே ஏட்டில் ஏறியது வெறும் எழுத்தன்று. எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்குக் கொடுத்த வாக்கு அது. சுவர் இல்லாமல் இருந்த ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் அந்த வாக்குகளெல்லாம் ஓலையில் குடியிருந்தன. அந்த ஓலையை வைத்திருந்தவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஓர் எண்ணை மாற்றினாலும், ஒரு வரியை விட்டுவிட்டாலும், ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை; அது இடிந்து போயிற்று. ஆணையிட்ட மன்னனும் இல்லை. படியெடுத்தவரின் நேர்மை ஒன்றே எஞ்சியிருந்தது. இராசராசனுக்கு முன்பே செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் முதலிய ஊர்க் கோயில்களைக் கல்லால் எடுப்பித்தபோதும் பழைய கல்வெட்டுகள் இவ்வாறு மறுபடி பொறிக்கப்பட்டன; இது பழைய கல்லின் படி என்று அவற்றின் தலைப்பிலேயே குறித்தார்கள். படியை மூலம் என்று காட்டிக்கொள்ளாத அந்த நாணயம் என்னைக் கவர்கிறது. அத்துடன் கொடையாளர்கள் தம் எழுத்தை முடிக்கும் முறையும் நினைவுக்கு வருகிறது: இந்த அறத்தைப் பிற்காலத்தில் காப்பவருடைய திருவடி தம் தலைமேல் இருப்பதாக என்று எழுதி முடிப்பார்கள். இன்னும் பிறக்காத ஒருவனின் பாதத்தில் மன்னனும் தலை வைக்கிறான்.

இச்செய்தியை நான் ஒருமுறை இளைஞர் கூட்டத்தில் சொன்னபோது ஒருவன் எழுந்து, "ஃபாதர், அப்போ அவங்க பேக்கப் எடுத்துட்டு ரீஸ்டோர் பண்ணியிருக்காங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் எதை நினைத்துச் சொன்னான் என்றும் விளக்கினான்: கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடும் விளையாட்டுகளில், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகச் சேமித்து வைக்கும் கோப்பு. பிள்ளைகள் அதனை 'சேவ்' என்பார்கள். அதை வேறோர் இடத்தில் காப்புப்படி எடுத்து வைத்து, கெட்டுப்போனால் திரும்பப் போட்டுக்கொள்கிறார்கள். அவன் ஒப்புமை சரிதானா என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியதே.

முதலில், அது எப்படி நடைபெறுகிறது என்பதை நம் வாசகருள் மூத்தவர்களுக்காகச் சொல்ல வேண்டும். விளையாட்டின் முழு உலகமும் அக்கோப்பில் இருப்பதில்லை. மலையும் ஆறும் நகரமும் விளையாட்டு நிரலிலேயே உள்ளன. விளையாடுபவன் எங்கே நிற்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான், எந்தக் கதவைத் திறந்துவிட்டான், யாரைக் கொன்றான், யாரைக் காப்பாற்றினான் என்பவை மட்டுமே அக்கோப்பில் எழுதப்படுகின்றன. ஆகையால் அது மிகச் சிறியது. 1994-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட பிளேஸ்டேஷன் கருவிக்குரிய நினைவக அட்டையில் மொத்தமே 128 கிலோபைட்; அது 15 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நூறு மணி நேர உழைப்பு அதில் ஒரு கட்டத்திற்குள் அடங்கும்.

அதற்கும் முன்னதாக அட்டையும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1986-இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டு எதையும் தன்னுள் சேமிக்கவில்லை. மாறாக, நிறுத்தும்போது 20 எழுத்துகள் கொண்ட ஒரு தொடரைத் திரையில் காட்டும். விளையாடுபவன் அதனைத் தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் திரும்ப உள்ளிட வேண்டும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'உயிர்ப்பித்தலின் மந்திரம்' என்று பொருள்படும். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அம்மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால் உயிர்ப்பில்லை. ஜப்பானியச் சிறுவர் எத்தனை பேர் தங்கள் கையெழுத்தையே நொந்து அழுதார்களோ! 1988-இல் வெளியான மூன்றாம் பாகத்தில், சிறு மின்கலத்தின் துணையோடு விளையாட்டுப் பேழையே நினைவு வைத்துக்கொள்ளத் தொடங்கிற்று. அச்சேமிப்பை அவ்விளையாட்டு 'சாகசப் புத்தகம்' என்று அழைக்கிறது. பதிவு கெட்டுப்போனால், புத்தகம் அழிந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்து, காதுக்கு ஒவ்வாத ஓர் இசையையும் ஒலிக்கும். அக்கால ஜப்பானியர் இன்றும் அவ்வோசையைக் கேட்டால் திடுக்கிடுவார்களாம். மின்கலம் தீர்ந்தாலும் புத்தகம் போயிற்று.

திருமழபாடியின் புத்தகமும் இந்தப் புத்தகமும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவது தற்செயல்தான். ஆயினும் படியெடுப்போர் கற்றுக்கொண்ட பாடங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. படி, மூலம் இருக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. சுவரின் படியைச் சுவரிலேயே வைத்தால் இரண்டும் சேர்ந்து இடியும். ஒரே வன்தட்டில் இரண்டு உறைகளில் வைத்த கோப்புகள் அத்தட்டோடு போய்விடும். படியைத் திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் அது படி; அதுவரை அது நம்பிக்கை மட்டுமே. இன்னொன்றையும் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளம் 2008 முதல் சேமிப்புகளைத் தன் இணையக் கிடங்கில் ஏற்றி வைக்கிறது. பிற நிறுவனங்களும் அவ்வாறே செய்கின்றன. ஆனால் அது கணினியில் உள்ளதை அப்படியே பின்பற்றும் நிழல். இங்கே கெட்டால் அங்கேயும் கெட்டதே ஏறும். சில வேளைகளில் இரண்டு இடத்திலும் வெவ்வேறு பதிவுகள் இருக்கும். எதை வைத்துக்கொள்வது என்று கணினி கேட்கும். அவசரத்தில் தவறான பக்கத்தை அழுத்தினால் மூன்று மாத மாலைப் பொழுதுகள் காணாமற் போகும்.

அப்படிப் போனபோது, "விளையாட்டுத்தானே, போகட்டும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது ஆறுதல் ஆவதில்லை. படிப்பை விட்டு ஆடினாயே என்று கண்டிப்பது வேறு. இழப்பை இழப்பில்லை என்பது வேறு. அவன் கோப்பை இழந்ததற்காக அழவில்லை. தான் செய்ததற்கு இருந்த ஒரே சாட்சியை இழந்ததற்காக அழுகிறான். கல்லை இழந்த கொடையாளிக்கும் அவனுக்கும் அவ்வளவில் உறவு உண்டு.

ஆனால் இங்கேதான் இரு வழிகளும் பிரிகின்றன. விளையாட்டில் சேமிப்பின் படியை வைத்திருப்பவர் எல்லாரும் இழப்புக்கு அஞ்சி அதனை வைத்திருப்பதில்லை. பலர் வேறொன்றுக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு தீர்மானம் எடுக்கும் முன் படியெடுத்துக்கொள்வது. நண்பனைக் காட்டிக்கொடுத்துப் பார்ப்பது. விளைவு பிடிக்கவில்லை என்றால் படியைத் திரும்பப் போட்டு, காட்டிக்கொடுக்காதவனாக மீண்டும் நடப்பது. பகடை சாதகமாக விழும்வரை பத்து முறை, இருபது முறை திரும்பிப் போவது. இதனை விளையாட்டு உலகமே சற்று இழிவாகத்தான் பேசுகிறது. 1980-ஐ ஒட்டி அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' என்னும் விளையாட்டில், சேமித்ததைத் திறந்தவுடனேயே அக்கோப்பு அழிக்கப்பட்டுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செத்த பிறகு திரும்ப முடியாது. படைத்தவர்கள் விரும்பியது அதுவே. விளையாடியவர்களோ, திறப்பதற்கு முன்பே கோப்பை வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். மனித இயல்பு.

இதைப் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கற்றுக்கொள்பவனுக்குத் திரும்பச் செய்யும் உரிமை வேண்டும். சதுரங்கம் பழகும் சிறுவன் காயைத் திரும்ப வைக்கிறான். தையல் பழகுபவள் பழந்துணியில் தைத்துப் பிரிக்கிறாள். எழுதப் பழகிய நம் முன்னோர் மணலில் எழுதி அழித்தார்கள். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுபவன் அதே பாலத்தை ஐந்து முறை கடக்க வேண்டுமென்று யாரும் வற்புறுத்த முடியாது. அறநெறி ஆசிரியர்கள் எல்லாவற்றிலும் பாவம் தேடினால் உண்மையான பாவத்தைக் காணும் கண் மங்கிவிடும்.

கேள்வி வேறு. திரும்பப் போட்டபின் அந்த உலகில் நடந்தது எதுவும் நடக்கவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட நண்பனுக்கு அது தெரியாது. ஊருக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவனே: விரலால் அழுத்தியவன். அவன் செய்தான் என்பதும் உண்மை; அது நடக்கவில்லை என்பதும் அவ்வுலகில் உண்மை. 2015-இல் டோபி ஃபாக்ஸ் என்பவர் வெளியிட்ட 'அண்டர்டேல்' என்னும் விளையாட்டு இவ்விடத்தைச் சரியாகப் பிடித்தது. தொடக்கத்தில் தாயைப்போல் அன்பு காட்டும் ஒரு பாத்திரத்தை நீங்கள் கொன்றுவிட்டு, மனம் வருந்தி, பழைய சேமிப்புக்குத் திரும்பி, இம்முறை அவளை வாழவிடலாம். சற்று நேரத்தில் இன்னொரு பாத்திரம் வந்து, நீங்கள் செய்ததைத் தான் அறிந்திருப்பதாகச் சொல்லிக் காட்டும். விளையாட்டு அதனைத் தனியாக வேறொரு கோப்பில் குறித்து வைத்திருக்கிறது. அக்கோப்பையும் தேடி அழித்துவிடலாம், செய்தவர்கள் உண்டு. ஆனால் அதைத் தேடிக்கொண்டு போகும்போது தான் எதைத் தேடிப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

நடந்ததை நடவாததாக்க முடியுமா என்பது விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்வி மட்டுமன்று. குருமடத்தில் நாங்கள் இதனை இறைவனின் எல்லாம் வல்ல தன்மை பற்றிய பாடத்தில் படித்தோம். கன்னிமை இழந்தவளைக் கடவுளும் கன்னியாக்க முடியாது என்னும் கருத்தில் புனித எரோணிமுஸ் ஒரு மடலில் எழுதியிருந்தார். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசினோ மடத்தில், உணவு மேசையில், அவ்வரியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. உடனிருந்த புனித பீட்டர் தமியான் அதை ஏற்கவில்லை. கடவுளின் வல்லமைக்கு நாம் வேலி போடலாகாது, எக்காலமும் அவருக்கு நிகழ்காலமே என்று வாதிட்டு, பின்னர் ஒரு நீண்ட மடலாகவே எழுதினார். திருமழபாடியில் கல்வெட்டுகள் மறுபடி பொறிக்கப்பட்டு நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. உலகின் இரு மூலைகளில் இழந்ததை மீட்பது பற்றி மனிதர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தனர்.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப்பின் புனித தோமா அக்குவினாஸ் இக்கேள்வியைத் தம் இறையியல் தொகுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் விடை உணர்ச்சியற்றதாகத் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் அதில் இரக்கம் உண்டு. வீழ்ந்தவரின் உள்ளத்திலும் உடலிலும் உள்ள கேட்டைக் கடவுள் முற்றிலும் நீக்க முடியும். ஆனால் அவர் வீழ்ந்ததே இல்லை என்று ஆக்க முடியாது. பாவி பாவம் செய்யவில்லை என்றும் ஆக்க முடியாது. ஏனெனில், நடந்தது நடக்கவில்லை என்பது தன்னைத்தானே மறுக்கும் கூற்று. அதைச் செய்ய முடியாமை வல்லமையின் குறைவன்று. அரிஸ்டாட்டிலும் அவருக்கு முன்னே அகத்தோன் என்னும் கவிஞரும் சொன்ன கருத்தையே அவர் ஏற்றுக்கொள்கிறார்.

இதில் இரக்கம் எங்கே என்று கேட்கலாம். கடவுள் நம் கடந்த காலத்தை அழித்துவிட்டு நம்மை ஏற்பதில்லை. அதோடு சேர்த்தே ஏற்கிறார் என்பதில்தான். யோவான் நற்செய்தியில் ஒரு சிறு விவரம் உண்டு. பேதுரு ஆண்டவரை மறுதலித்த இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பின் முன் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவரைச் சந்தித்தபோது அங்கேயும் கரிநெருப்பு மூட்டப்பட்டிருந்தது. மறுதலிப்பு மூன்று முறை. கேள்வியும் மூன்று முறை. அந்த இரவுக்கு முந்தைய பேதுருவாக அவரை ஆண்டவர் திருப்பி வைக்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துயருற்றார் என்று நற்செய்தியாளர் குறிக்கிறார். அத்துயரம் பேதுருவுக்கு உரியது. பழைய சேமிப்புக்குத் திரும்பியவனுக்கு அது கிடைப்பதில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வருவோர் சிலர், "அந்த ஒரு நாளுக்கு மட்டும் திரும்பிப் போக முடிந்தால்..." என்று சொல்லி நிறுத்துவதுண்டு என்பது எந்தக் குருவுக்கும் தெரியும். நாம் அவர்களை அந்நாளுக்கு அனுப்புவதில்லை. பறித்த நிலத்தைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சீர்செய் என்றே திருச்சபையின் அறநெறி சொல்கிறது. ஈடு செய்வது என்பது இன்றைய நாளில் செய்யும் வேலை. பங்கில் எத்தனையோ பதிவேடுகள் உண்டு; திருமுழுக்குப் பதிவேட்டின் ஒரு பிரதி ஆண்டுதோறும் ஆயரகத்திற்கு அனுப்பப்பட வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்திருந்தது. அதுவும் காப்புப்படிதான். இங்கே கறையான் தின்றாலும் அங்கே உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கும். ஒப்புரவுக்கு மட்டும் பதிவேடு இல்லை.

திருமழபாடியின் படியையும் சேமிப்பின் படியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் கொடுப்பது ஒன்றையே: இடிக்கும் துணிவு. ஏடு இருந்ததால்தான் சுவரில் கடப்பாரையை வைக்க முடிந்தது. கோப்பு இருப்பதால்தான் நண்பனைக் காட்டிக்கொடுத்துப் பார்க்க முடிகிறது. வேறுபாடு, அத்துணிவை எங்கே செலவிட்டோம் என்பதில் உள்ளது. சோழர்கள் தங்களைக் கட்டும் வாக்குகளைப் படியெடுத்தார்கள். மறுபடி பொறித்தபோது அவர்களுக்குச் சுமை திரும்பி வந்தது. ஆடுகள் மறுபடியும் 96 ஆயின, நெய் மறுபடியும் அளக்கப்பட வேண்டியதாயிற்று. பொறிக்காமல் விட்டிருந்தால் யாருக்கோ இலாபம். நம் இளைஞனோ சுமை இல்லாத நேரத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்கிறான். அவன் கேள்விக்கு என் விடை இதுதான்: வேலை ஒன்று, திசை எதிர். ஆனாலும் விளையாட்டோடு நின்றால் அவன்மேல் எனக்குக் குறை இல்லை. அச்சுறுத்துவது, பெரியவர்கள் அத்திசையை வாழ்க்கைக்குள் கொண்டுவருவது. பிடிக்காத தீர்மானக் குறிப்பைப் புத்தகத்திலிருந்து கிழித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டோம் என்று அறிவிக்கும் சங்கங்கள் இல்லையா? பாகப் பிரிவினைப் பத்திரத்தை மறைத்துவிட்டு, பிரிவினையே நடக்கவில்லை என்னும் அண்ணன்மார் இல்லையா? அவர்களிடம் கணினி இல்லை. சேமிப்பைத் திருப்பிப் போடும் வித்தையை நன்கு அறிந்திருக்கிறார்கள்.

படி எடுக்கும் உரிமையே கையில் இல்லாத நிலையும் இன்று பெருகிவிட்டது. கைப்பேசியில் ஆடும் பெரும்பாலான விளையாட்டுகளில் சேமிப்பு நம்மிடம் இல்லை. நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. 2020 செப்டம்பரில் நடுவண் அரசு பப்ஜி மொபைல் விளையாட்டைத் தடை செய்ததை அடுத்து, நம் ஊர்ப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகச் சேர்த்தவை எட்டாத இடத்திற்குப் போயின. 2021 சூலையில் அதன் இந்திய வடிவம் வந்தபோது, பழைய கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ள நிறுவனம் ஒரு கெடு கொடுத்தது. கெடுவுக்குள் செய்தவருக்குக் கிடைத்தது. தடை சரியா தவறா என்பது வேறு வாதம். நான் கவனித்தது, நம் பதிவின் திறவுகோல் யாரோ ஒருவர் கையில் இருக்க நாம் எவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டோம் என்பதை. ஏட்டை வைத்திருப்பவர் நேர்மையானவரா என்று கேட்கும் பழக்கமே போய்விட்டது.

இவ்வளவையும் எழுதிய பிறகும், சேமிப்புக் கோப்பை நான் இலேசாக எண்ணாதிருக்க ஒரு செய்தி காரணமாயிற்று. 2014-இல் அயல்நாட்டு இளைஞர் ஒருவர் எழுதிய சில வரிகள் உலகெங்கும் படிக்கப்பட்டன; பின்னர் ஒரு குறும்படத்திற்கும் கருவாயின. அவருக்கு நான்கு வயதானபோது தந்தை ஓர் எக்ஸ்பாக்ஸ் கருவி வாங்கினார். இருவரும் சேர்ந்து ஆடினர். ஆறு வயதில் தந்தை இறந்துபோனார். பத்து ஆண்டுகள் அக்கருவியை அவர் தொடவில்லை. தொட்டபோது, 'ராலிஸ்போர்ட் சேலஞ்ச்' என்னும் கார்ப் பந்தயத்தில் ஒன்றைக் கண்டார். அவ்விளையாட்டு ஒரு பாதையில் மிக விரைவாக ஓட்டியவரின் ஓட்டத்தை அப்படியே பதிந்து, ஆவி உருவில் ஒரு காராக அடுத்து ஆடுபவருடன் ஓடவிடும். அங்கே தந்தையின் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மகன் அதனோடு ஓட்டினார். மீண்டும் மீண்டும் ஓட்டி, ஒருநாள் அதனை முந்தினார். முந்தி எல்லைக்கோட்டைக் கடந்தால் புதிய பதிவு ஏறும்; பழையது அழியும். ஆகவே அவர் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிடுவார், தந்தையின் கார் கடந்து போகட்டும் என்று.

இதை அந்த இளைஞர் கூட்டத்திலும் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, முன்பு பேசிய அதே பையன், "அவர் ஒரு பேக்கப் எடுத்து வெச்சிருந்தா தாராளமா ஜெயிச்சிருக்கலாமே ஃபாதர்" என்றான். எடுத்திருக்கலாம், எடுப்பதே விவேகம் என்றும் சொல்வேன். ஒரு கருவியின் வன்தட்டு எத்தனை ஆண்டு தாங்கும்? பக்கத்தில் இருந்த ஒரு பெண் பிள்ளை மட்டும் அதற்கு உடன்படவில்லை. படி இருந்திருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டாரே என்றாள். அவர்கள் இருவரும் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதும் அதைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.